தாரை வார்த்த அப்பன்

கடிதம் தெலுங்கில் இருந்தது. எத்திராஜுக்குத் தெலுங்கு பேச வரும், சண்டை போடவும் வரும். படிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தியதில் முதலில் பிடிபட்டது தன் பெயர். அடுத்துப் பிடிபட்டது விதேசி என்ற சொல். அறுபத்திரண்டு வருஷத்தில் ஆந்திரா எல்லையோரச் சத்தியவேட்டைத் தாண்டிச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் தங்கியறியாத மனுஷன், தன்னைத்தான் வெளிநாட்டுக்காரன் என்கிறார்கள் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார்.

"வெங்கடம்மா, இத்த பாரு. என்னிய ஃபாரின்காரன் ஆக்கிட்டானுங்க."

கடிதத்தைக் கொண்டுவந்த போலீஸ்காரர் சிரிக்கவில்லை. "நீங்க இல்ல பெத்தாயனா, உங்க கூத்துரு, உங்க பொண்ணு. சுகந்தினி, தண்ட்ரி அதாவது அப்பா பேரு எத்திராஜ். அவங்க இந்தியா ஆளே இல்லன்னு மொட்டைப் பெட்டிஷன் வந்துகீது. திருப்பதியில விசாரணை. அவங்களும் வரணும், நீங்களும் வரணும்."

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றினார். எதிர்வீட்டு வாசலில் சுகந்தினி தன் நாலு வயதுப் பெண் தரணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் பார்க்கிற காட்சிதான். அவளைப் போய் வெளிநாட்டுக்காரி என்றால் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சுகந்தினி அவர் பெற்ற பெண் இல்லை. இது ஊருக்கே தெரிந்த விஷயம். எதிர்வீட்டு முரளிதரன் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அங்கே கூட வேலை பார்த்தவள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் அகதி முகாமில் பிறந்தவள். இலங்கையை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அம்மா முகாமிலேயே இறந்துபோனாள். அப்பா, சாகிறதை ஊரில் போய்ச் சாகிறேன் என்று மன்னாருக்குத் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பக்கத்தில் வந்தது ஓர் அத்தை மட்டும். அவளும் சாயங்காலத்துக்குள் முகாமில் தலையைக் காட்ட வேண்டும் என்று, தாலி ஏறியதும் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணம் நின்றுவிடாது. ஊரில் ஒரு தம்பதி மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அது ஒரு நாள் வேஷம் இல்லை. அன்றிலிருந்து அவர்கள்தான் அப்பன், அம்மா. ஆடிக்கு அழைக்க வேண்டும், வளையல் அடுக்க வேண்டும், தலைப்பிரசவம் பார்க்க வேண்டும். தாரை வார்த்தவர் இறந்தால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு உண்டு. எத்திராஜுக்கு ஒரே பையன், அவனும் பெங்களூரில். பெண் இல்லாத குறையை வெங்கடம்மா நாள் தவறாமல் சொல்லிக் காட்டுவாள். இரண்டு பேரும் சந்தோஷமாகவே மணையில் உட்கார்ந்தார்கள்.

தப்பு நடந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, அரசாங்கம் ஊருக்கு ஊர் வைத்திருந்த வாலண்டியர்களில் ஒருத்தியான ஸ்வர்ணலதா கையில் போனோடு வந்து, பெண்ணுடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டாள். சுகந்தினி தயங்கினாள். வைக்கோல் கட்டோடு அந்த வழியாகப் போன எத்திராஜ், "என் பேரப் போடும்மா. தாரை வார்த்தது நான்தானே," என்றார். ஸ்வர்ணலதாவும் போட்டாள். கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். வேறு பெயரைப் போட்டிருந்தால்தான் அவளுக்கு உறுத்தியிருக்கும். அந்தக் கார்டைக் காட்டி ஓட்டு அட்டை வந்தது. ஓட்டு அட்டையைக் காட்டி மற்ற எல்லாம் வந்தன. எந்த ஆபீசிலும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சீல் குத்துகிற கைக்கு எதைப் படிக்கப் பொழுது?

போன வருஷம் மன்னாரிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்குப் பாரிசவாயு, படுக்கையில் கிடக்கிறார், மகளைக் கேட்கிறார் என்று. சுகந்தினி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். எல்லா அட்டையிலும் எத்திராஜ் பெயர் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் மட்டும் மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பெற்ற அப்பனைப் போய்ப் பார்ப்பதற்காக அவள் இன்னொருவரை அப்பன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்று வெங்கடம்மா சொன்னபோது எத்திராஜுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. தன் பெயர் அவ்வளவு கசக்கிறதா என்று நினைத்தார். பெரிய மனுஷர்களுக்கும் சின்னப் புத்தி வருவது உண்டு. பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை, அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட்டது.

விசாரணைக்கு முன்னால், சுகந்தினிக்குச் சாதகமாகப் பழைய காகிதம் எதையாவது பிடித்துவரலாம் என்று முரளிதரனும் அவரும் சித்தூருக்குப் போனார்கள். முன்பு அதுதான் மாவட்டத் தலைநகரம். உங்கள் ஊர் இப்போது திருப்பதி மாவட்டம், அங்கே போங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், முகாமை விட்டு ஆள் போனதை அந்த மாநிலத்துக்காரர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். முகாமுக்குப் போன் போட்டால், மூன்று தடவை கணக்கெடுப்புக்கு வராத ஆளின் பெயரை அடித்துவிடுவோம், அதற்கப்புறம் எங்களுக்குச் சம்பந்தமில்லை, வெளிநாட்டு ஆள் சமாசாரமெல்லாம் டெல்லி என்றார்கள். டெல்லிக்கு யார் போன் போடுவது?

ஒரு பெண் எல்லை தாண்டி வந்து ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட, ஆமாம், நான் பார்க்கவில்லை என்று சொல்வதாக இல்லை. எத்திராஜுக்கு மனசு ஆறவில்லை. கடலைக்கு மருந்து அடிக்க மறந்தால்கூட மறந்தவன் நான்தான் என்று வெங்கடம்மாவிடம் ஒப்புக்கொள்கிற ஆள் அவர். இத்தனை படித்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை ஏன் வாயில் வரவில்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் முரளிதரனைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

விசாரணைக்குக் குறித்த பதினைந்தாம் தேதி நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி போனார்கள். முரளிதரனுக்கு லீவு கிடைக்கவில்லை. சுகந்தினி, குழந்தை, எத்திராஜ் மூன்று பேர்தான். பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்குப் போகிறவர்கள். தரணி அவர்களோடு சேர்ந்து கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னிய இலங்கைக்கு அனுப்பிருவாங்களா நைனா?" என்று சுகந்தினி கேட்டாள்.

"எங்க அனுப்புவாங்க? நான் இன்னாத்துக்கு வரேன்? இங்கதான் நம்ம வூடு கீது, புள்ள கீது. வாய மூடிக்கினு வா," என்றார். பையில் இருந்த கடிதத்தை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி கோபிகிருஷ்ணன் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். சுகந்தினியைக் குழந்தையோடு வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு எத்திராஜை மட்டும் உள்ளே கூப்பிட்டார். டீ வரவழைத்தார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எத்திராஜ் பதிலுக்குக் கத்தியிருப்பார், எச்சரிக்கையாகவும் இருந்திருப்பார். இந்த ஆள் நடுநடுவே டீ ஆறிவிடப் போகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

"இந்தப் பொண்ணு பேர்ல இருக்கிற எல்லா கார்டுலயும் தண்ட்ரி பேரு உங்க பேரு. இதுக்கு யாராவது பொறுப்பு ஏத்துக்கணும் இல்லையா? உங்களுக்குத் தெரியாம உங்க பேர அந்தப் பொண்ணு உபயோகப்படுத்தியிருந்தா அது மோசம், சீட்டிங். கேஸ் ஆகும், ஜெயில்தான். இல்ல, நீங்களே குடுத்தீங்களா?"

ஜெயில் என்ற சொல்லைக் கேட்டதும் எத்திராஜ் கிளாசைக் கீழே வைத்தார். சித்தூரில் பார்த்த அத்தனை முகங்களும் நினைவுக்கு வந்தன. நானில்லை, நானில்லை என்று கழன்றுகொண்ட முகங்கள். அவர்களைப் போலத் தானும் செய்யக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பே வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல சார். எழுதிக்கோங்க. என் பேர நான்தான் போடச் சொன்னேன். அவ நைனா சிலோன்ல கீறாரு. இங்க குடுக்க ஆள் இல்ல. நானும் என் சம்சாரமும் மணையில குந்தி தாரை வார்த்துக் குடுத்தோம். எங்க ஊர்ல தாரை வார்த்தவன்தான் அப்பன். தப்புன்னா அது என் தப்பு. என்னிய ஜெயில்ல போடுங்க."

ஆறு வருஷக் கதையையும் சொன்னார். முகாம், அத்தை, ஆடிச் சீர், தன் பொறுப்பில் பார்த்த பிரசவம், ஒன்றையும் விடவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு பெண் அத்தனையும் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் எத்திராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த விஷயத்தில் பொறுப்பு என்னுடையது என்று சொன்ன முதல் ஆள் தான்தான் என்று நினைத்தார். அது உண்மையும்கூட.

கோபிகிருஷ்ணன், டைப் அடித்த பெண்ணை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினார்.

"பெரியவரே, ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முகாம்ல கேட்டோம். பழைய ரிஜிஸ்டர் வெள்ளத்துல போச்சுன்னாங்க. பொறந்த ஆஸ்பத்திரியில கேட்டோம். அந்த வருஷத்து ரெக்கார்டே இல்லையாம். அவங்க அத்தை செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு சிலோன்காரங்களுக்குப் பொறந்ததுன்னு சொல்ல கவர்மெண்டுகிட்ட ஒரு துண்டுக் காயிதம் கெடையாது. கையெழுத்து இல்லாத அந்த ஒரு பெட்டிஷன்தான்."

எத்திராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பொண்ணுன்னு ஒரே வார்த்தை சொல்லியிருந்தா நான் ஃபைல மூடியிருக்கணும். இப்ப ஸ்டேட்மெண்ட் ஆயிடுச்சு. நீங்க சொன்னதுதான் சாட்சி."

எத்திராஜுக்குக் காது அடைத்தது. மேலே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தன் வாயால், அதுவும் யாரும் அடிக்காமல் உதைக்காமல், டீயைக் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். முதல் முறையாக அவருக்குத் தன் நாக்கின் மேல் வெறுப்பு வந்தது.

"அத்த அடிச்சிடுங்க சார். நான் கெழவன். ஏதோ உளறிட்டேன்."

"முடியாது பெத்தாயனா. கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு."

"இப்ப இன்னா ஆவும்?"

"நான் மேல எழுதுவேன். கார்டெல்லாம் கேன்சல் ஆகும். திரும்பவும் முகாம்தான், அவங்க எடுத்துக்கிட்டா. இங்கயே பொறந்தும், சிட்டிசன் ஆள கல்யாணம் பண்ணியும் ஒண்ணும் ஆகாது. முகாம்காரங்க கள்ளத்தனமா வந்தவங்க கணக்கு." நிறுத்தி, ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொழந்தையும் அப்படித்தான்."

"எந்தக் கொழந்த?"

"வெளில இருக்கிற பாப்பா."

"அவ நைனா முரளிதரன் சார். எங்க எதிர்வூடு. அவன் தாத்தன், முப்பாட்டன் எல்லாம் சத்தியவேடு."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கள்ளத்தனமா வந்தவங்கன்னா, பொறக்கிற கொழந்த நம்ம நாட்டு ஆள் இல்ல. இருபது வருஷமா சட்டம் அப்படித்தான் இருக்கு. மேல இருக்கிறவங்க அப்படித்தான் படிப்பாங்க."

தன் வீட்டு உள்ளறையில் வலி எடுத்து, தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தன் கையில் துணி சுற்றி வாங்கிய குழந்தை. எந்தக் கடலையும் தாண்டி வராத குழந்தை. எத்திராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு பயந்து மூடிக்கொண்டார். இனிமேல் இந்த அறையில் எதைச் சொன்னாலும் அது யாரைக் கொண்டுபோய் எங்கே விடுமோ?

டைப் அடிக்கிற பெண் திரும்பி வந்தாள். காகிதத்தை எடுத்துப் பார்த்து, ஓரிடம் காலியாக இருக்கிறது என்று காட்டினாள். கோபிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார்.

"அவங்க சொந்த நைனா பேரு வேணும். சிலோன்ல இருக்காருன்னு சொன்னீங்களே, அவரு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆறு வருஷத்தில் அவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்கத் தேவை இருப்பதாக ஒரு நாளும் தோன்றியதில்லை.

"போய்க் கேட்டுக்கினு வாங்க. நான் கேட்டா பயந்துக்கும்."

எத்திராஜ் எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் பெஞ்சு ஓரமாகச் சுகந்தினி உட்கார்ந்திருந்தாள். தரணி அவள் மடியில் தூங்கிப் போயிருந்தாள். அவரைப் பார்த்ததும் சுகந்தினி முகம் தெளிந்தது. நைனா வெளியே வந்துவிட்டார், காரியம் முடிந்தது என்று நினைத்திருப்பாள்.

"அம்மாடி, உங்க நைனா பேரு இன்னா?"

இரண்டு நாளாக முரளிதரன் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்திருந்த பதில் அது. உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"எத்திராஜ்."

"அது இல்லம்மா," என்றார் எத்திராஜ். "உன்னியப் பெத்தவரு பேரு."

அவள் அவரையே பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு தூங்குகிற குழந்தையை வாரி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பெயரை அவள் சொன்னபோது, காது கேட்காதவர் மாதிரி அவர் இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.