தலைவர் மிதந்த வரலாறு

புலம்பெயர் தமிழினத்தின் வரலாற்றைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கக் காத்திருப்போர் அனைவருக்கும் இதனால் பணிவன்புடன் அறியத்தருவது: இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை, மெல்பேர்ன் மாநகரின் மல்கிரேவ் பகுதியைச் சேர்ந்த திருவாளர் இந்திரகுமார் அவர்கள், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகர வான்பரப்பில் புவியீர்ப்பு விசையை வென்று எடையற்ற நிலையை எய்தினார்.

இதை எழுதியவர் இந்திரகுமார். மின்னஞ்சலில் ஊருக்கெல்லாம் அனுப்பியவரும் அவர்தான். கூடவே ஒரு படம். நீல நிற உடுப்பில், காலுறை மட்டும் போட்ட பாதங்கள் கூரையைப் பார்க்க, தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீகாந்தன் அந்தப் படத்தை அலுவலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். கயிறு ஏதும் தெரியவில்லை. இன்னும் பெரிதாக்கினார். இந்திரகுமாரின் பல்லிடுக்குத் தெரிந்தது, கயிறு தெரியவில்லை. மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

ஸ்ரீகாந்தன் சாதாரண ஆள் அல்ல. ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்து மெல்பேர்ன் கிளைக்கு ஏழு வருடமாகத் தலைவர், ஏழு வருடமும் போட்டியின்றி. சங்கம் வருடத்தில் இரண்டு காரியம் செய்யும். ஒன்று கோடைகால ஒன்றுகூடல், மற்றது குளிர்கால இராப்போசனம். இரண்டிலும் குத்துவிளக்கின் முதல் திரி தலைவருக்கு. மேடையின் நடுக்கதிரை தலைவருக்கு. மண்டபம் பதிவதும் றோல்ஸ் சுடுவிப்பதும் எச்சில் பீங்கான் பொறுக்குவதும் ரஞ்சினி என்ற உபசெயலாளருக்கு. சங்கம் இப்படித்தான் சீராக நடந்துவந்தது.

அந்த வருட இராப்போசனத்தில் சங்கத்து உறுப்பினரான இந்திரகுமாருக்குப் பாராட்டு என்று செயற்குழு தீர்மானித்தது. பொன்னாடை போர்த்தவேண்டியவர் யார்? தலைவர்தான். ஸ்ரீகாந்தன் போர்த்தினார். போர்த்தும்போது துணி இந்திரகுமாரின் முகத்தையும் சேர்த்து மூடிவிட்டது. அது தற்செயல் என்றே அறிக்கையில் எழுதப்பட்டது.

பிறகு திரையில் படம் காட்டினார்கள். சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தது.

"மேல போகேக்க வயித்தைப் பிரட்டாதோ அங்கிள்?" என்று கேட்டாள் தாரகா, கிளேட்டனில் படிக்கிற பிள்ளை.

"ஒண்டும் செய்யாது பிள்ளை. மனம் லேசா இருந்தா உடம்பும் தன்பாட்டில லேசாகும்."

ஏழு வருடத்தில் ஸ்ரீகாந்தனின் எந்த உரைக்கும் இப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. அவர் பேசும்போது பின்வரிசையில் எப்போதும் ஏதாவது ஒரு பிள்ளை அழும். இன்று அந்தப் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் செயற்குழு உறுப்பினர் சிறிதரன், எல்லார் காதிலும் விழட்டும் என்ற குரலில் சொன்னார்: "அடுத்த முறை இவனைத்தான்ரா தலைவராப் போடவேணும். பூமியையே விட்டிட்டு வந்தவன், உந்தக் கதிரை என்ன பெரிய கதிரையே!"

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஸ்ரீகாந்தனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மனைவி நாகபூசணியிடம் விளக்கினார். அவளும் அதே கல்லூரி, அதே சங்கத்து உறுப்பினர்.

"அது மிதக்கிறேல்லை, தெரியுமோ? பிளேன் விழுகுது. உள்ள நிக்கிறவனும் சேர்ந்து விழுறான். காசு குடுத்து விழுந்துபோட்டு வந்திருக்கிறான்."

"ஓம். வடிவா விழுந்திருக்கிறார்."

"ஒரு தரத்துக்கு இருபத்தைஞ்சு செக்கன். பதினைஞ்சு தரம். எல்லாத்தையும் கூட்டினாலும் ஆறு நிமிஷம் சொச்சம்! முட்டைகூட வடிவா அவியாது."

"எங்கட அடுப்பிலயோ? அரை மணித்தியாலத்திலயும் அவியாது" என்றாள் நாகபூசணி.

அந்த அடுப்பையும், பிணைச்சல் கழன்று தொங்குகிற அலுமாரிக் கதவுகளையும் மாற்றிப் புதுக் குசினி போடத்தான் நாலு வருடமாகக் காசு சேர்த்திருந்தார்கள். மேசைக்கு எந்தக் கல் என்றுகூட அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

மறு வருடம் ஜூன் மாதம் ஸ்ரீகாந்தன் அந்தக் காசில் லாஸ் வேகாசுக்கு ரிக்கற் போட்டார்.

"குசினி எங்கயும் ஓடாதப்பா" என்றார்.

"ஓம், அது ஓடாது" என்றாள் அவள். ஸ்ரீகாந்தன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய திட்டம் எளிமையானது. இந்திரகுமார் தலைகீழாகச் சிரித்தார், அது குரங்குச் சேட்டை. தலைவர் மிதப்பதென்றால் அதற்கொரு தோரணை வேண்டும். அந்தரத்தில் சம்மணமிட்டு, நெற்றியில் மூன்று குறியாகத் திருநீறு பூசி, கைகூப்பி இருக்கிற படம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுவிட்டு வாக்குக் கேட்டால், சிறிதரனே எழும்பிக் கும்பிடுவார்.

விமானத்தில் ஏறுமுன் பணியாளர் பெண் எல்லாரையும் நிறுத்தி, சட்டைப்பைகளைக் காலி செய்யச் சொன்னாள். பேனை, சில்லறை, சீப்பு, எதுவும் கூடாது. ஸ்ரீகாந்தன் பேனையைக் கொடுத்தார். சீப்பைக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். நீல உடுப்புக்குள், சேட்டுப் பைக்குள், பத்திரிகைத் துண்டில் மடித்த திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அதைக் கொடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. திருநீறு ஒரு சாமானா?

விமானம் மூக்கை உயர்த்திக்கொண்டு ஏறியது. எல்லாரும் தரையில் மல்லாந்து கிடந்தார்கள். யாரோ நெஞ்சில் ஏறி இருப்பதுபோல் பாரம். பிறகு அந்த யாரோ எழும்பிப் போய்விட்டார். ஸ்ரீகாந்தனின் முதுகு தரையை விட்டது.

அந்த முதல் இருபத்தைந்து செக்கனில் அவர் என்ன உணர்ந்தார் என்பதை உள்ளது உள்ளபடி பதிவுசெய்ய வேண்டும். 'இந்திரகுமார் எனக்கு முன்னமே இதை அனுபவித்துவிட்டானே' என்று உணர்ந்தார். இரண்டாம் தடவையும் அதையேதான் உணர்ந்தார்.

மூன்றாம் தடவை சம்மணமிட்டார். படம் எடுக்கிறவரைப் பார்த்துத் தலையாட்டினார். பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

திருநீறு கையில் விழவில்லை. விழ முடியாது அல்லவா. அது எழும்பி, விரிந்து, ஒரு வெள்ளைப் பூசணிக்காய் அளவாகி அவருடைய மூக்கின் முன்னால் நின்றது. ஸ்ரீகாந்தன் தும்மினார். தும்மிய வேகத்தில் அவர் பின்னோக்கிப் போனார், திருநீறு முன்னோக்கிப் போனது.

தன் ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாட வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அடுத்துத் தும்மி, தன் கணவரின் வயிற்றில் தலையால் முட்டினாள். அவர் தும்மிக் கூரையில் இடித்தார். அதற்குள் விமானம் நிமிரத் தொடங்க, எல்லாரும் தரைக்கு வந்தார்கள். பின்னால் திருநீறும் வந்தது. டெக்சாஸ், ஒகையோ, கனடா என்று பல இடத்தவருக்கும் ஒரே நேரத்தில், தலை முதல் கால் வரை பிரசாதம் கிடைத்தது.

விமானி மிச்சம் பன்னிரண்டு தடவையையும் நிறுத்திவிட்டு நேரே தரையிறக்கினார். ஸ்ரீகாந்தனை ஆசனத்தில் இருத்தி, பட்டி கட்டி, இரண்டு பக்கமும் இரண்டு பணியாளர் இருந்தார்கள். அவருக்குக் கிடைத்த படத்தில் வெள்ளைப் புகையும், புகைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு ஒரு காலுறையும் தெரிந்தன.

பிறந்தநாள் பெண்ணின் கணவர் தன் பங்குக்கு ஒளிப்பதிவை இணையத்தில் போட்டிருந்தார். ஸ்ரீகாந்தன் மெல்பேர்னில் இறங்கியபோது, பெட்டி வருமுன்பே எல்லாரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

அன்று பின்னேரமே இந்திரகுமார் வீட்டுக்கு வந்தார். சிரிக்கத்தான் வருகிறார் என்று ஸ்ரீகாந்தன் கதவைத் திறக்கும்போதே முகத்தை இறுக்கிக்கொண்டார். இந்திரகுமார் சிரிக்கவில்லை. தோளில் கை போட்டார்.

"மச்சான், நீ போறது தெரிஞ்சிருந்தா நான் எல்லாம் சொல்லித் தந்திருப்பனே. ஏன்ரா என்னட்டக் கேக்கேல்லை?"

அது இருபது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"தலைவர் பதவிக்கு நிக்கப்போறியாம்?" என்று கேட்டார் ஸ்ரீகாந்தன்.

"நானோ? உந்தச் சங்கத்துக்கோ?" இந்திரகுமார் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "எனக்கெங்க மச்சான் நேரம். நீயே இரு."

நீயே இரு. ஒரு வருடமாகச் சோறு இறங்காமல், நித்திரை வராமல் காத்த கதிரையை, அவன் வழியில் கிடந்த செருப்பைப்போல ஒதுக்கித் தள்ளிவிட்டான். ஸ்ரீகாந்தனுக்கு இப்போது அந்த அலட்சியத்தின் மேலும் பொறாமை வந்தது. ஆனாலும் கதிரை கதிரைதான். எதிரி விலகிவிட்டான், அடுத்த வருடமும் உறுதி.

ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டெம்பரில், ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. தலைவர் பதவிக்கு ஸ்ரீகாந்தன் தன் பெயரைத் தானே முன்மொழிந்தார். வழக்கம்போல எல்லாரும் பேசாமலிருக்கவேண்டிய இடத்தில், சிறிதரன் ரஞ்சினியின் பெயரைச் சொன்னார். ரஞ்சினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள், "எனக்கேன் அண்ணை?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரகசிய வாக்கெடுப்பு. ஆளுக்கொரு சீட்டு. ஸ்ரீகாந்தன் தன் பெயரை வடிவாக எழுதினார். பக்கத்துக் கதிரையில் நாகபூசணியும் எழுதி, நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளும் புன்னகைத்தாள்.

முப்பத்தொரு பேர் வாக்களித்தார்கள். ஸ்ரீகாந்தனுக்கு ஒன்று விழுந்தது.