மூன்றாவது தொட்டி

குமுதா கண்ணாடித் தொட்டியைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாசி லேசில் விடுவதாக இல்லை. ஆறு தொட்டிகளில் மூன்றாவதுதான் வாசலுக்கு நேராக இருந்தது, அதனால் அதை முதலில் எடுத்திருந்தாள்.

பாகான் டத்தோ ஊர்க் கடலோரத்தில் கட்டிய அனைத்துலகக் கடலோர நீர் ஆராய்ச்சி மையத்துக்கு அன்று திறப்பு விழா. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வருகிறார், கூடவே வெளிநாட்டுப் பேராசிரியர்கள். காலையில் வேனை விட்டு இறங்கும்போதே யுகேந்திரன் சொல்லிவிட்டான், தொட்டி உட்பட எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டுமென்று. அவன் துப்புரவுக் கம்பெனியின் சூப்பர்வைசர், அவள் இருந்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே வளர்ந்தவன்.

தென்னந்தோட்டத்தை மூடி நிலத்தை மையத்துக்குக் கொடுத்தபோது, அங்கிருந்தவர்களுக்கு வேலை உண்டு என்றார்கள். குமுதாவுக்குக் கிடைத்தது துடைப்பம், அதுவும் தற்காலிகமாக. விழா நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று யுகேந்திரன் வாக்குக் கொடுத்திருந்தான். புருஷன் ஐயாவு படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் ஒருத்தியால்தான்.

சுவரில் சோப்பு கூடாது என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வேலியோரம் கிடந்த தேங்காய் மட்டையை உரித்து நார் எடுத்தாள். திருவிழாவுக்கு முன்னால் தோட்டத்துக் கோயில் தொட்டியைப் பெண்கள் இப்படித்தான் கழுவுவார்கள். உள்ளே நீந்தும் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கண்ணாடி தெளிந்தபோது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அடுத்த தொட்டிக்கு வாளியைத் தூக்கியபோது டாக்டர் தேவிஸ்ரீ உள்ளே வந்தாள். ஈப்போக்காரி, இங்கே ஆராய்ச்சி செய்பவள், தினமும் முகம் பார்த்துச் சிரிப்பவள். இன்று சிரிக்கவில்லை. மூன்றாவது தொட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இதுல இருந்த பாசி எங்க?"

"தேச்சிட்டேங்க டாக்டர். சோப்பு போடல. தேங்கா நாருதான்."

தேவிஸ்ரீ கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பாசிதான் ஆராய்ச்சியே என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள். போன மழைக்காலத்திலிருந்து வளர்த்தது. கடல்தண்ணீர் கெடுவதைப் பாசி எப்படிக் காட்டுகிறது என்று இன்று வருகிறவர்களுக்கு விளக்குவதாக இருந்தாள். பாசியைத் தொடக்கூடாது என்று இத்தனை நாளில் குமுதாவிடம் ஒருவரும் சொன்னதில்லை.

"யாரு தேய்க்கச் சொன்னது?"

குமுதா வாசலைப் பார்த்தாள். யுகேந்திரன் அங்கேதான் நின்றிருந்தான்.

"நான் தரையத்தான் தொடைக்கச் சொன்னேன், டாக்டர்," என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொய் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கும் அவன் வேனில்தானே ஏற வேண்டும் என்று அதை விழுங்கினாள். வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தேவிஸ்ரீ முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

பிறகு என்று ஒன்று வரவில்லை. யுகேந்திரன் குமுதாவைக் கட்டடத்துக்குப் பின்புறம் கூட்டிப்போனான். கம்பெனி முதலாளி போனிலேயே முடிவு சொல்லிவிட்டாராம், இனி வர வேண்டாம்.

"சட்டைய மட்டும் குடுத்துருங்கக்கா. கம்பெனி சட்டை லா."

உள்ளே போட்டிருந்த பழைய டீசட்டையோடு அவள் வெயிலில் நின்றாள். விழா முடிகிறவரை வேன் கிளம்பாது. திறந்த ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. மற்ற ஐந்து தொட்டிகளிலும் பச்சை மண்டிக் கிடக்க, மூன்றாவதில் மட்டும் மீன்கள் தெரிந்தன. எல்லோரும் அதன் முன்னால் கூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் நம் கடற்கரையின் தூய்மை என்று டத்தோ மலாயில் சொன்னார். கைதட்டினார்கள். தேவிஸ்ரீயும் தட்டினாள்.

சற்று நேரத்தில் யுகேந்திரன் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். மடித்த சட்டை இன்னும் அவன் கக்கத்தில்தான் இருந்தது.

"டத்தோவோட ஆளு, மத்த தொட்டியும் இதே மாதிரி இருக்கணும்ங்கிறாரு. அந்த நாரு எங்கக்கா எடுத்தீங்க?"

குமுதா வேலிப்பக்கம் கையைக் காட்டினாள்.