உடுத்திய தோல்

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் நகரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் வெஸ்தியேரில் என் கணவர் யேசுதாசன் பதினெட்டு வருடங்கள் வேலை செய்தார். வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி, போகும்போது எடுத்துக் கொடுப்பார். கோடையில் யாரும் கோட்டுடன் வருவதில்லை. அந்த மாதங்களில் மாடிக்குப் போய், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சிறு கட்டட மாதிரி ஒன்றின் கதையை முழுவதும் படித்துக்கொண்டார். கனடாவின் வடகரையில், வருடத்துக்கு ஒரே கப்பல் போன இடத்தில், நான்கு மரக்கட்டடங்கள்: விலங்குத்தோல் வாங்கும் நிலையம். நொஷாட்டல்காரன் ஒருவன் அங்கே தோல்களை வாங்கிக் கணக்கெழுதும் எழுத்தனாக இருந்தானாம்.

அதைத் தமிழில் விளக்க அவருக்கு மே மாதத்தில் ஒரு ஞாயிறு கொடுத்திருந்தார்கள். மார்ச்சில் அவர் இறந்துபோய்விட்டார். நிகழ்ச்சியை நிறுத்தலாமா என்று அங்கு வேலை செய்யும் மதுஜா மெதுவாகக் கேட்டாள். அவர் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. வெங்காயம் உரித்தபடி எனக்குச் சொன்னது மட்டுமே மிச்சம். நான் சொல்லாவிட்டால் அதுவும் இல்லை.

"நிப்பாட்ட வேண்டாம் பிள்ளை. நான் வாறன்."

அந்த மே ஞாயிறும் குளிர். அவருடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். முப்பது பேர் வந்திருந்தார்கள். நன்றாகத்தான் போனது, அந்த எழுத்தனின் முதல் வருடம் வரும்வரை. வேட்டைக்காரர்கள் தாங்கள் உடுத்திப் பிசுக்கேறிய, பீவர் என்னும் நீர்விலங்கின் தோல்களைக் கொண்டுவந்தார்கள். பழசு வேண்டாம் என்று எழுத்தன் திருப்பி அனுப்பினான். அவர்களோ சிரித்துக்கொண்டு போட்டிக் கம்பனிக்குப் போனார்கள். ஏன் சிரித்தார்கள்? அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் நின்றுவிட்டது.

பஸ் ஓட்டும் லக்ஷன் விடவில்லை. "அவன் செய்ததில என்ன பிழை அக்கா? என்ரை மனிசியும் என்ரை பழசெல்லாத்தையும் எறியச் சொல்லித்தான் நிக்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பதற்றத்தில் ஜாக்கெட்டின் கைவிளிம்பைத் தடவினேன். முரட்டு நூல் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. புதிது வாங்குங்கள் என்று நான் சண்டை பிடித்த அன்று, இதே விளிம்பைத் தடவிக்காட்டித்தான் அவர் எனக்குக் கதையின் இந்த இடத்தைச் சொன்னார்.

"பிழைதான் தம்பி," என்றேன். "உடுத்த உடுத்தத்தான் மேல் முரட்டு மயிர் கொட்டும். அடியில மிஞ்சிற மெல்லிய மயிரிலதான் தொப்பி செய்யிறது. பழசுக்குத்தான் விலை கூட."

லக்ஷனின் மனைவி தனுஷியா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இவரை இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருப்பம்."

மாதிரியின் கண்ணாடி அதிரும்படி சிரித்தார்கள். இலையுதிர் காலத்திலும் வரவேண்டும் என்று மதுஜா அங்கேயே நாள் குறித்தாள்.

படியிறங்கும்போது லக்ஷன் கேட்டான்: "அக்கா, அந்த ஜாக்கெட் என்ன விலை போகும்?"

"அது விக்கிறதுக்கில்லை."