கழுத்துக் குழி

கொலோன் நகரின் ரைன்கரைத் தமிழர் மன்றத் தலைவர் நித்தியானந்தனின் தலை, 2016 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொன்று இருபதுக்கு, அவர் ஒலிவாங்கியில் "ஆகவே" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கழுத்தை விட்டுக் கழன்று, உருண்டு போய்த் தேநீர் மேசைக்கு அடியில் நின்றது. வெளியே தூறல், இரண்டு டிகிரி. மண்டபத்தில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அவரிடமிருந்து நான்கு மீட்டருக்குள் ஒருவரும் இல்லை. இரத்தம் குழல்விளக்கு வரை எழும்பியது, இரண்டு தட்டு வடை வீணாயிற்று. விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி, படிவத்தில் பொருத்தமான கட்டம் எதையும் காணாமல் 'ஏனையவை' என்பதில் கோடு போட்டார். முன்வரிசையில் இருந்த மனைவி மகாதேவி அவரிடம் ஒன்றை மட்டும் மறைத்தாள். தலை விழுவதற்கு ஒரு நொடி முன்பு, காலடியில், நிலவறைக்குள், கல்லில் இரும்பு மோதும் சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் முந்திய இலையுதிர் காலத்தில் கிடைத்தது. செவெரின் வட்டாரத்தில் பழைய சலவைக்கடை ஒன்றை மன்றம் மண்டபமாக்கிக்கொண்டிருந்தது. நிலவறையில் கழிவுநீர்க் குழாய்க்குக் குழி வெட்டியபோது, ஒன்றரை மீட்டர் ஆழத்தில், உரோமர் காலத்துப் பளிங்கு மனிதன் ஒருவன் தலையில்லாமல் கிடந்தான். இடது தோளிலிருந்து நீளமான துணி மடிப்பு மடிப்பாக இறங்கி முழங்காலைச் சுற்றியிருந்தது. குழாய் வேலை செய்த லவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவருக்கு எங்களுக்கு முதலே ஆரோ பொன்னாடை போத்திட்டாங்கள்" என்றான். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சிச் சட்டி போல ஒரு குழி வழவழவென்று குடையப்பட்டிருந்தது. சட்டப்படி, அம்ட் என்று எல்லோரும் சொல்லும் நகரத்துப் பழம்பொருள் அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். செயலாளர் தாரகன் கூடாது என்று தலையை ஆட்டினான். "அம்ட்டுக்குச் சொன்னால் தூரிகையோட வந்து குந்திடுவாங்கள். பிறகு மண்டபத்தை எங்கட பேரப்பிள்ளையள்தான் திறப்பினம்." பொங்கலுக்குத் திறப்பு விழா என்று அழைப்பிதழும் அடித்தாயிற்று. கையுயர்த்தி வாக்கெடுத்து, கல்லைச் சுவரோரம் நிமிர்த்தி, மேசைவிரிப்பால் மூடினார்கள். குழாய்க் குழி அரைகுறையாகத் திறந்தே கிடந்தது. பொங்கலன்று நித்தியானந்தனுக்கு மாலை போட்டுத் தலைவராக்கினார்கள். மறுநாள் காலை கல்லின் கழுத்துக் குழிக்குள் அவருடைய தலை இருந்தது. பளிங்கில், மீசையோடும் இடது கன்னத்து மருவோடும்.

மகாதேவிக்கு அது பெரிய வியப்பாக இல்லை. பத்தொன்பது வருடமாக நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் உரோமர் கூடத்தின் தரையைத் துடைப்பவள் அவள். சிலைகளைத் தொட அனுமதி கிடையாது. வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்கத் தடையும் கிடையாது. உரோமர்கள் உடம்பை முன்கூட்டியே செதுக்கிப் பட்டறையில் வரிசையாக நிறுத்திவைப்பார்களாம். பதவிக்கு வந்தவனின் தலையைத் தனியே செய்து குழிக்குள் இறக்குவார்களாம். அவன் கவிழ்ந்தால் தலையை மட்டும் உடைத்துவிட்டு அடுத்தவனுடையதைப் பொருத்துவார்களாம். சில தலைகளை உடைப்பதும் இல்லை, முகத்தை மட்டும் அரைத்து எடுத்துவிடுவார்கள். அப்படி முகம் போன தலை ஒன்று கூடத்தின் மூலையில் இருந்தது. "இவர் யாரென்று தெரியாது. அதனால் இனி இவரை ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று வழிகாட்டி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கவைப்பார். மகாதேவி அந்தச் சிரிப்புக்கு நடுவே வாளியை நகர்த்திக்கொண்டு போவாள்.

தாரகன் முதல் தடவை அடித்தது கோபத்தில். விளையாட்டு விழாவை டோர்ட்மண்ட்காரரோடு சேர்ந்து நடத்துவதா இல்லையா என்ற தகராறில் பதினான்கு கதிரைகள் உடைந்தன, லவனின் முன்பற்கள் இரண்டு போயின. அடுத்த ஞாயிறு, மேலே நித்தியானந்தன் பேசிக்கொண்டிருக்க, தாரகன் ஐந்து கிலோ சம்மட்டியோடு நிலவறைக்கு இறங்கி, "கல்லுக்குக்கூட உன்ர மூஞ்சைதானோ" என்று கத்திக்கொண்டு கழுத்தில் ஒன்று போட்டான். இரண்டாவது தடவை விளைவு தெரிந்தே அடித்தான். அடுத்த தலைவரான லவன், புதுப் பல் கட்டி மூன்று மாதத்தில், காரில் சிவப்பு விளக்குக்குக் காத்திருந்தபோது போனான். மூன்றாமவருக்கு முதலில் உதடு பிளந்தது, தாரகன் கல்லின் உதட்டை உளியால் பதம் பார்த்திருக்கிறான். கழுத்து வியாழக்கிழமை போயிற்று. நான்காமவர் கல்லை வேறிடத்துக்கு இழுத்துப் போகச் சொன்னார். கல் ஓரங்குலம் நகர்ந்ததும் அவருடைய முதுகெலும்பு மூன்றாக முறிந்தது. கல்லைப் பற்றிச் சொன்னால் கையுயர்த்திய எல்லோரும் அகப்படுவார்கள் என்பதால் ஒருவரும் பொலிசுக்குச் சொல்லவில்லை. பதிவில் இல்லாத கல்லை உடைத்தவனைப் பிடிக்கச் சட்டமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆறேழு பேர் மனுக் கொடுத்தார்கள். தங்கள் கழுத்தில் மாலை மட்டும்தான் விழும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

2023இல் மகாதேவியின் மகள் வேணுஜா மனுக் கொடுத்தாள். கொலோனிலேயே பிறந்தவள், இருபத்தெட்டு வயது, பாலங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியியலாளர். தலைவரானால் முதல் கடிதம் பழம்பொருள் அலுவலகத்துக்கு என்று மேடையிலேயே சொன்னாள். மகாதேவி வீட்டில் நான்கு நாள் சமைக்கவில்லை. ஐந்தாம் நாள் மகளின் காலைப் பிடித்தாள். "அப்பாவின்ர தலையை நான்தானே மேசைக்குக் கீழ இருந்து எடுத்தனான், அம்மா," என்றாள் வேணுஜா. அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வேணுஜா வென்றாள். மறுநாள் கழுத்துக் குழியில் அவளுடைய தலை, கூந்தல் முடிச்சோடு, வடிவாக இருந்தது. அன்றே கடிதம் போயிற்று. அலுவலகம் மிக மரியாதையாகப் பதில் போட்டு, ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக நாள் குறித்து டெர்மின் கொடுத்தது. அந்த ஐந்து வாரமும் மகளின் கழுத்தில் தலை நிற்க வேண்டும். மகாதேவிக்கு உலகத்தில் வேறு கணக்கு இல்லாமல் போயிற்று.

மூன்றாவது வாரம் மரக்கறிக் கடையில் தாரகன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வெண்டிக்காய் முனையை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தான். "அக்கா, பிள்ளைக்குச் சொல்லுங்கோ, டெர்மினை விடச் சொல்லி. நல்ல வடிவான முகம்." மகாதேவி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம் தம்பி, சொல்லுறன்" என்றாள். வீட்டுக்குப் போய், தளவோடு பதிக்கும் வேலை செய்த நித்தியானந்தனின் ஆயுதப் பெட்டியைத் திறந்து, கரடான அரம் ஒன்றும் மெல்லிய அரம் ஒன்றும் எடுத்து வைத்தாள்.

நான்காவது சனிக்கிழமை மன்றமே விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தது. தாயும் மகளும் பகல் பன்னிரண்டு மணிக்கு நிலவறைக்கு இறங்கினார்கள். சரிவருமா என்று மகள் கேட்டாள். தெரியாது என்றாள் தாய். வேணுஜா கவிழ்த்த எண்ணெய் வாளியில் அமர்ந்து துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தொடங்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். மகாதேவி பளிங்கு நெற்றியில் அரத்தை வைத்து இழுத்தாள். வேணுஜாவின் நெற்றியில் காயம் வரவில்லை, இரத்தம் மட்டும் வந்தது. புருவத்தில் தேங்கி, நாடியில் வடிந்து, சட்டையை நனைத்து, குழாய்க் குழிக்குள் சொட்டியது. மூக்குக்கு வந்தபோது அவள் வாளியோடு சரிந்து விழுந்தாள். எழும்பித் திரும்ப இருந்தாள். மகாதேவி நிறுத்தவில்லை. பெற்றபோது ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்த மூக்கையும் உதட்டையும் இமையையும் அதே ஒழுங்கில் அரைத்து எடுத்தாள். மூன்று மணி நேரம் பிடித்தது. கடைசி இழுப்பு முடிந்து திரும்பியபோது எதிரே இரத்தத்தில் தோய்ந்து இருந்த பெண் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் கண் இருந்தது, மூக்கு இருந்தது, குறை ஒன்றும் இல்லை. பார்வையைச் சற்றே விலக்கினால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. "அம்மா, தண்ணி" என்றாள் அந்தப் பெண். குரலைக் கேட்ட பிறகுதான் மகாதேவி அழுதாள்.

டெர்மினுக்கு முந்திய ஞாயிறு பொதுக்கூட்டம். தாரகன் பின்வாசலால் எழுந்து போனதை மகாதேவி பார்த்தாள். வேணுஜா ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தாள். பதினொன்று இருபதுக்கு, காலடியில், கல்லில் இரும்பு மோதியது. அந்தச் சத்தத்தை இப்போது மண்டபமே அறிந்திருந்தது. முன்வரிசைக்காரர் உடுப்புக்குப் பயந்து கதிரையைப் பின்னால் இழுத்தார்கள். "ஆகவே," என்றாள் வேணுஜா. மகாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆகவே, நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில இருந்து வருவினம். நிலவறையை ஒருக்கால் கூட்டி விடுங்கோ."

கூட்டப் போனவர்கள் தாரகனைக் கண்டார்கள். சம்மட்டியின் பிடி முறிந்திருந்தது, கல்லில் ஒரு கீறலும் இல்லை. அடிக்கு உரியவர் யாரென்று கல்லுக்குத் தெரியாததால் அது பக்கத்தில் நின்ற கழுத்துக்குப் போயிருந்தது. உடல் சுவரில் சாய்ந்திருக்க, தலை குழாய்க் குழிக்குள் சேற்றில் மேல்நோக்கிக் கிடந்தது. அதே பொலிஸ் அதிகாரி வந்து, கேட்காமலே 'ஏனையவை'யில் கோடு போட்டார். மன்றம் இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்திவிட்டுக் குழியை மூடியது.

அலுவலகத்தார் சொன்ன நேரத்துக்கு வந்து, கல்லைப் பஞ்சு வைத்துக் கட்டி எடுத்துப் போனார்கள். அது நகர்ந்தபோது ஒருவருடைய முதுகும் முறியவில்லை. தாமதமாக அறிவித்ததற்காக மன்றத்தை நீளமான கடிதம் ஒன்றில் கண்டித்ததோடு விட்டார்கள். வேணுஜா அதற்குப் பிறகு நடந்த ஒரு தேர்தலில் போட்டியில்லாமல் தெரிவானாள்; அவளை எதிர்க்க நினைத்தவர்களுக்குக் கோபப்பட ஒரு முகம் நினைவுக்கு வரவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் இயந்திரம் அவளை மூன்று முறை மறுத்தது. பிறகு அலுவலர் வெறும் சாம்பல் கட்டத்தை ஒட்டி, முத்திரை குத்திக் கொடுத்தார். மகாதேவி மகளைப் படியேறும் சத்தத்தில் அடையாளம் காண்கிறாள்.

கல் இப்போது உரோமர் கூடத்தில் நிற்கிறது. உடல் ஆணுடையது, தலை பெண்ணுடையது போலத் தெரிகிறது, பெயர் அறியப்படவில்லை என்று பலகையில் எழுதியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு, வாசல் திறக்கும் முன், மகாதேவி ஈரத் துடைப்பத்தோடு வரிசையாகத் துடைத்து வந்து அதன் முன்னால் நிற்பாள். தொட அனுமதி கிடையாது. "காலைத் தூக்கு, பிள்ளை," என்பாள். கல் வலது காலைத் தூக்கும். அடியில் துடைத்துவிட்டு அடுத்த சிலைக்குப் போவாள்.