பக்கம் மாறிய மடல்

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டிவலி, சளி, இருமல் ஒண்ணும் இல்லையே? அப்போ உட்கார்ந்து கேளுங்க, ஒரு ஈக்காரியின் கதை.

வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். அரிசியில் பாதிகூட இல்லாத பழ ஈக்களைப் புட்டியில் வளர்த்து, ஆண் ஈயின் பிறப்புறுப்பை வெட்டியெடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்ப்பதுதான் ஆறு வருஷமாக அவள் ஆராய்ச்சி. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு இன ஈக்களைக்கூட அந்த உறுப்பை வைத்துப் பிரித்துவிடலாம். தலைமுறை போகப் போக அவ்வளவு வேகமாக மாறுகிற சமாச்சாரம் அது.

"கேக்கிறவங்களுக்கு நான் என்னடி பதில் சொல்றது?" என்று அம்மா போனில் புலம்புவாள்.

"பூச்சி ஆராய்ச்சின்னு சொல்லும்மா."

"சொன்னேனே! எதிர்வீட்டு அத்தை கரப்பானுக்கு மருந்து கேட்டு வாசல்ல நிக்கிறா!"

அவள் வளர்த்த ஈக்களின் உறுப்பில் பெண்ணைப் பிடித்துக்கொள்ள இரண்டு மடல்கள் உண்டு. முப்பாட்டன் ஈக்களுக்கு வலது மடல் நீளம். முந்நூறு தலைமுறை கழித்து, இப்போது இடது மடல் நீளம். பக்கமே மாறிவிட்டது! அன்று மூன்று மணிக்குப் பேராசிரியர் அதை மேடையில் அறிவிக்கப்போகிறார். அவளுடைய முனைவர் பட்டமும் அதில்தான் தொங்கியது.

இரண்டு மணிக்கு முப்பாட்டன் ஈயின் பழைய தகடு ஒன்றைத் துடைத்தவள், கைதவறி மேல்பக்கம் கீழாகத் திருப்பி வைத்துவிட்டாள். நுண்ணோக்கியில் பார்த்தால், இப்போதைய ஈக்களைப் போலவே நீள மடல் இடப்பக்கம்.

அவளுக்குப் புரிந்துபோனது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் உறுப்பை மல்லாக்க ஒட்டியிருக்கிறார். இவள் ஒட்டியதெல்லாம் குப்புற. மாறியது மடல் இல்லை, படுக்கை. நாற்பது தகடு பார்த்தாள். நாற்பதும் அப்படித்தான்.

இஸ்திரி போட்ட சட்டையோடு பேராசிரியர் வந்தார். "கிளம்பலாமாம்மா?"

ஈ தப்பிவிடாமலிருக்க அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். நடுவில் பீரோ அளவு இடம். அவரோடு அதில் நுழைந்து உள்கதவைச் சாத்திவிட்டு, வெளிக்கதவின் பிடியை அவள் இறுக்கிக்கொண்டாள்.

"சார், பழைய தகடெல்லாம் மல்லாக்க இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"நம்மது குப்புற, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மூச்சு விடக்கூட இடமில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"அப்போ ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இரு. முதல்ல பட்டத்தை வாங்கு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"வாங்கிட்டா ஆயுசுக்கும் மூடிக்கிட்டுத்தான் சார் இருக்கணும்."

வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். "சார், எல்லாரும் காத்திட்டிருக்காங்க!"

கூடவே வந்துவிட்ட ஒற்றை ஈ விளக்கில் முட்டி முட்டி விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் பிடியைப் பார்த்தாள். சட்டென்று திறந்தாள்.

"இன்னைக்குப் பேச்சு இல்லைங்க. தகடு ஒட்டினதுல தப்பு. நான்தான் கவனிக்கலை."

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார். அவள் திரும்பி உள்ளே போனாள். இன்னும் இரண்டு வருஷம், அதே ஜன்னலில்லாத அறை. இந்தத் தடவை எல்லாமே மல்லாக்க.

உங்களில் யாராவது இப்படி இரண்டு கதவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்திருந்தால், எப்படி வெளியே வந்தீங்கன்னு ஒரு வரியாவது எழுதிப் போடுங்க.