சல்லடையில் பச்சை நூல்

அந்தப் புல்டோசர் அரை மணி நேரம் ஓடும். பிறகு கியரில் போட்டாலும் நகராது. சற்று நிறுத்திவைத்தால் மறுபடி ஓடும். எண்ணெய் எங்கோ அடைபடுகிறது என்று மெக்கானிக் உசனாருக்குப் புரிந்தது. வாவிக்கரை வயல்வட்டையில் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, கியர்ப்பெட்டிச் சல்லடையைக் கழற்றினார். முழுக்கப் பச்சை நூல்.

“ஆருடா இதுக்குள்ள துணி போட்டது?” என்று சீறினார்.

ஓட்டுநர் உதயரூபன் தலை குனிந்தான். “எண்ணெயில தூசி இருக்குமெண்டு பொஞ்சாதிட பழைய சீலையக் கிழிச்சு வடிகட்டி ஊத்தினன், உசனார் காக்கா. அவ குவைத்துக்குப் போய் ரெண்டு வருசம்.”

உசனார் ஏசுவதை நிறுத்தி, நூலைப் பிடுங்கி எடுத்தார். சல்லடையைக் கழுவிப் பூட்டி, புது எண்ணெய் ஊற்றினார். ஒரு மணி நேரம் ஓடியும் புல்டோசர் நிற்கவில்லை.

“வடிகட்டி ஒண்டு நான் தாறன் தம்பி,” என்றார். “மிச்சச் சீலையக் கிழிக்காத. தலைமாட்டுல வெச்சுப் படு.”