நாலாவது நாற்காலி

அந்த ஊரில் நாலு பேர் இருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடை மாடியில், காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை இருப்பார்கள். கல்யாணம் வைக்கிறவர்கள் மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் அங்கே போய், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்த அச்சகத்திலும் பத்திரிகை அடிக்க மாட்டார்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘நாலு பேர் சொல் கேட்டு’ என்று போட்டுத் தாளின் எண்ணையும் போட்டால்தான் அது பத்திரிகை.

செல்வக்கனி அதே கட்டடத்தில் கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அந்தத் தாள்களை நகல் எடுத்து எடுத்து அவளுக்கு மனப்பாடம். ஒண்ணாவது ஆள் எதைக் கேட்டாலும், “எங்கயும் நடக்காத அதிசயமால்லா இருக்கு” என்பார். ரெண்டாவது ஆள் ஒரு அம்மா. அவர், “எங்க வீட்டுலயெல்லாம் இப்படிக் கிடையாது” என்பார். மூணாவது ஆள் ‘ம்ச்’ கொட்டுவார், அவ்வளவுதான். அதற்குத் தாளில் சின்னக் கட்டம் போதும். நாலாவது ஆள், “எனக்கென்ன வந்தது, ஊருல சொல்லுதாவ” என்பார். நாலு பேரும் நாலு விதமாகத்தான் பேச வேண்டும். ஆளைப் பார்க்கும்போது மட்டும் நாலு பேருமே செருப்பிலிருந்து ஆரம்பித்து மேலே வருவார்கள்.

சொன்னபடி நடக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்டுவிட்டு நடக்காமல் இருந்தவர்களும் கிடையாது.

செல்வக்கனிக்கும் பால்துரைக்கும் பேசி முடித்தார்கள். ஆவணி கடைசி முகூர்த்தம். பால்துரை ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கிறவன், எதற்கும் தலையாட்டுவான். செல்வக்கனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: தாலி கட்டும்போது அம்மா மேடையில் நிற்க வேண்டும்.

அம்மா வடிவுக்குப் புருஷன் செத்துப் பதினோரு வருஷம். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மண்டபத்தில் தேங்காய் மூட்டை போட்டிருக்கிற அறையில்தான் வடிவு இருப்பாள். யாரும் போகச் சொன்னதில்லை. தானாகவே போய் உட்கார்ந்துகொள்வாள். கெட்டி மேளம் கேட்டதும் அங்கிருந்தே அட்சதையைச் சுவர்ப் பக்கமாகப் போடுவாள்.

“ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? நாலு பேரு என்ன சொல்லுவாவ?” என்றாள் வடிவு.

“அதான் போய்க் கேக்கப் போறோமே.”

“கேக்காமலே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா நீயே எழுதிக் குடு. ஒரு நடை மிச்சம்.”

தாய்மாமன் சுயம்புவும் செல்வக்கனியும் மாடிக்குப் போனார்கள். மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூருக்குப் போய்விட்டாராம், இனி வர மாட்டாராம். குமாஸ்தா மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டுப் பேனாவை மூடினார்.

“மூணு பேரு சொல்லு செல்லாது. நீங்களே ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“ஆளா இல்ல நாட்டுல!” என்று சுயம்பு மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பினார்.

இல்லை என்பது நாலு நாளில் தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் முகத்துக்கு நேரேயும் நல்லதே சொன்னார், முதுகுக்குப் பின்னாலும் நல்லதே சொன்னார். அவரை அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் மனதில் பட்டதை நேராகவே சத்தம் போட்டுச் சொன்னார். அவரையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் தவசிப்பிள்ளை வந்து சமையலுக்கு எத்தனை இலை என்று கேட்டார். மண்டபத்துக்காரர் இன்னும் இரண்டு நாள்தான் பொறுப்பேன், தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம், மாடியில் செல்வக்கனியோடு காத்திருந்த தம்பி சுயம்புவுக்கு வடிவு சோறு கொண்டுவந்தாள். இருபத்தி ரெண்டு படி. மூச்சு வாங்கியதால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது நாலாவது நாற்காலி.

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். “அறுத்தவ ஒருத்தி மக கல்யாணத்துல மேடை ஏறப் போறாளாம். என்ன சொல்லுதீய?”

வடிவு யோசிக்கக்கூட இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “எனக்கென்ன வந்தது. ஊருல சொல்லுவாவல்லா” என்றாள்.

மூணாவது ஆள் தலையை ஆட்டினார். குமாஸ்தா எழுதி, முத்திரை குத்தி, வேலை நாளைக் காலை பத்து மணிக்கு என்றார்.

செல்வக்கனி தாளை வாங்கினாள். பழைய நாலாவது ஆளின் குரலை அவள் மாடிப்படியில்தான் கேட்டிருக்கிறாள். இந்தக் குரலை வீட்டில் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அச்சகத்தை ஒரு மணிக்குச் சாப்பிடப் பூட்டிவிடுவார்கள், அதனால் படியிறங்கி ஓடினாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பந்தக்கால் நட்டார்கள். பத்திரிகை வைத்தார்கள். தவசிப்பிள்ளைக்கு எழுநூறு இலை என்று சொன்னார்கள். தாம்பூலப் பையில் பால்துரையின் பெயர் பால்துறை என்று வந்திருந்தது. அவன் அதற்கும் தலையாட்டினான். வடிவு தினமும் காலையில் இட்லி அவித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மேடையைப் பற்றி யாரும் பேசவில்லை. தாளில்தான் எழுதியாகிவிட்டதே.

கல்யாணத்தன்று விடிந்ததும் வடிவு வழக்கம் போலத் தேங்காய் அறைக்குப் போய்விட்டாள். செல்வக்கனி மணவறையில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் மந்திரத்தை ஆரம்பித்தார். அப்போது குமாஸ்தா கதவைத் தட்டினார்.

“யம்மா, மணி ஆகுது. ஆபீஸ் ஆளுக மூணு பேரும் வந்தாச்சு.”

மணவறைக்குப் பின்னால், மேடையிலேயே, நாலு நாற்காலி போடுவது அந்த ஊர் வழக்கம். தாலி கட்டும்போது நாலு பேரும் அதில் இருந்தாக வேண்டும்.

“நான் வேலைக்குல்லா வாரேன்” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வடிவு மேடை ஏறி நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். ரெண்டாவது அம்மா தன் சேலையை ஒதுக்கி இடம் விட்டார்.

பால்துரை முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிறுத்தினான். நாலு பேரும் சொன்ன பிறகுதான் அடுத்த முடிச்சு.

“எங்கயும் நடக்காத அதிசயமால்லா இருக்கு.”

“எங்க வீட்டுலயெல்லாம் இப்படிக் கிடையாது.”

“ம்ச்.”

மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடியே இருந்தார். வடிவு பார்க்க ஆரம்பித்தாள். செருப்பு இல்லாததால் மகளின் காலிலிருந்து ஆரம்பித்தாள். மருதாணி, மெட்டிக்காக நீட்டி வைத்திருந்த விரல், பட்டுக் கரை, வளையல் என்று பார்வை மெதுவாக ஏறியது. செல்வக்கனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பார்வை கடைசியில் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

“எங் கண்ணே பட்டுரும் போல இருக்கு” என்றாள் வடிவு.

குமாஸ்தா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் சொல்லாத விதம்தான். எழுதிக்கொண்டார். பால்துரை அடுத்த முடிச்சைப் போட்டான்.

ஒரு மாதம் கழித்து செல்வக்கனி தூக்குச்சட்டியில் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஒண்ணாவது ஆள் தன் நாற்காலியில் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம், வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், கையில் படிவத்தோடு நின்றார். தலைக்கு மை அடித்திருந்தார்.

“அறுபத்தி ஒண்ணு ஆச்சு. தபால் ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காவ. நாலு பேரு என்ன சொல்லுவாவளோன்னு இத்தனை வருஷம் தள்ளிப் போட்டுட்டேன்” என்றார்.

“மூணு பேருதான இருக்கோம்” என்றாள் வடிவு. பிறகு மகளைப் பார்த்து, அந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

செல்வக்கனி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் அவர் செருப்பைப் பார்த்தாள்.